டிம் போட்டால் ஒரு விளக்கு அணையத்தான் வேண்டும்

1937 மாரிஸ் எய்ட் கார், 6 வோல்ட், லூகாஸ் ஹெட்லைட். இப்போது கால் சுவிட்சை மிதித்தால் டிரைவர் பக்கத்து விளக்கு அணைகிறது. கிளீனர் பக்கத்து விளக்குக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் ரிஃப்ளெக்டர் குனிந்து, வெளிச்சத்தைச் சாலையின் இடது ஓரத்தில் இறக்குகிறது. மறுபடி மிதித்தால் இரண்டும் பழைய நிலைக்கு வருகின்றன. அந்த 'டக்'கை மீட்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் 1,610 ரூபாயும் ஆயின. அதில் 550 ரூபாய் தவறான வழியில் போனது. எங்கே தவறியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், அடுத்தவர் அதையே திரும்பச் செய்யாமல் இருக்க.

எந்த வகை டிம்?

பழைய காரில் கை வைப்பதற்கு முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். டிம் என்றால் பல்புக்குள் இரண்டு இழை, அதை மாற்றிவிட ஒரு சுவிட்ச் என்றுதான் நம் கை பழகியிருக்கிறது. 1930களுக்கும் அதற்கு முன்பும் போனால் எப்போதும் அப்படி இல்லை.

ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி முதலில் பல்பின் அடியைப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு ஈயப் பொட்டு இருந்தால் ஒற்றை இழை. அப்படியானால் டிம் வேலை பல்புக்கு வெளியே எங்கோ நடக்கிறது. அடுத்து ரிஃப்ளெக்டரின் விளிம்பை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்க விளக்கில் மட்டும் ரிஃப்ளெக்டர் குனிந்து, ஸ்பிரிங்கில் திரும்பி வந்தால் அது சொலினாய்டு (கரண்ட் பாய்ந்தால் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் காயில்) டிப்பர். பிரிட்டிஷ் கார்களில் லூகாஸ் 'டிப் அண்ட் ஸ்விட்ச்' என்று அழைத்தது இதைத்தான். சாலையோரம் இருக்கும் விளக்கு குனியும், நடுச்சாலைப் பக்கத்து விளக்கு முழுக்க அணையும்.

ரிஃப்ளெக்டர் அசையவில்லை என்றால் டேஷ்போர்டில் லைட் சுவிட்சின் முதுகைப் பாருங்கள். பீங்கான் மேல் சுற்றிய கம்பிச் சுருள் தெரிந்தால் அது ரெசிஸ்டர் டிம். 1910களின் அமெரிக்கக் கார்களில் இது சகஜம். சுருளும் இல்லை, ஆனால் சுவிட்ச் முனைகள் வழக்கத்தைவிட அதிகம் என்றால் சீரிஸ்-பேரலல் டிம்மாக இருக்கலாம். பிரைட்டில் இரண்டு பல்பும் தனித்தனியே முழு வோல்ட் வாங்கும், டிம்மில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஆளுக்குப் பாதி வாங்கும். இந்த வகையில் ஒரு பல்பு போனால் டிம்மில் இரண்டுமே எரியாது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இவை தவிர, விளக்கைக் கம்பியால் இழுத்துக் குனிய வைக்கும் நெம்புகோல் வகையும் உண்டு. 1917 காடிலாக்கில் டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெம்புகோலால் வெளிச்சத்தை இறக்கலாம்.

ரெசிஸ்டர் வகை கையில் வந்தவர்களுக்கு ஒரு கணக்கு. 6 வோல்ட், 21 கேண்டில்பவர் பல்பு ஒன்று சுமார் 2.6 ஆம்பியர் எடுக்கும், இரண்டும் சேர்ந்து 5.2. நடுவில் 1 ஓம் போட்டால் கரண்ட் 3.4 ஆம்பியருக்கு இறங்கும், பல்புக்கு மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே போய்ச் சேரும். வோல்ட் பாதியானால் வெளிச்சமும் பாதி என்று நினைக்க வேண்டாம், பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அறுந்த சுருளுக்குப் பதில் 1 மில்லிமீட்டர் நைக்ரோம் கம்பி 71 சென்டிமீட்டர் வெட்டினால் 1 ஓம் வரும். நைக்ரோமில் ஈயம் ஒட்டாது, முனைகளைத் திருகில்தான் இறுக்க வேண்டும். 11 வாட் சூடு வருமாதலால் பக்கத்தில் வயர் உரசக் கூடாது. பழைய சுருளுக்கு அடியில் சாம்பல் நிற அட்டை இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு, உலர்வாகச் சுரண்டாமல் நனைத்து எடுங்கள்.

வண்டி இருந்த நிலை

ஹெட்லைட் போட்டால் இரண்டும் எரிந்தன. டிம் மிதித்தாலும் இரண்டும் எரிந்தன. எதுவும் குனியவில்லை.

அசல் டிப் சுவிட்ச் இல்லை. அதன் இடத்தில் தரையில் அம்பாசிடரின் கால் சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது. அதில் தவறில்லை. உள்ளே வரும் முனை ஒன்று, வெளியே போகும் முனை இரண்டு, மிதிக்க மிதிக்க மாறும். டிப்பருக்குத் தேவையானதும் அவ்வளவுதான். இடது விளக்கின் பல்புக்கு லைட் சுவிட்சிலிருந்து நேராக வயர் போக வேண்டும். கால் சுவிட்சின் ஒரு முனை வலது பல்புக்கு, மற்றது இடது விளக்கில் இருக்கும் சொலினாய்டுக்கு.

பிரச்சினை கால் சுவிட்சின் அடியில் இருந்தது. வெளியே போகும் இரண்டு முனைகளையும் இரண்டு அங்குல வயர் ஒன்றால் இணைத்திருந்தார்கள். டிம் போட்டால் வலது விளக்கு அணைவதை யாரோ பழுது என்று நினைத்து அதைச் 'சரி' செய்திருக்கிறார்கள். விளைவு, ஹெட்லைட் எரியும் நேரம் முழுக்க சொலினாய்டுக்கும் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இடது விளக்கைத் திறந்ததும் வாடை வந்தது, எரிந்த வார்னிஷ் வாடை. ரிஃப்ளெக்டரின் முதுகில் சொலினாய்டு, அதன் பக்கத்தில் இரண்டு கிளிப்பில் கண்ணாடி ஃபியூஸ். ஃபியூஸ் கருத்திருந்தது, அதற்குக் குறுக்கே செப்பு இழை சுற்றியிருந்தது. காயில் கரி.

விளக்குக் கிண்ணத்தின் அடியில் நகத்தளவு கருப்புத் துண்டு ஒன்று கிடந்தது. துரு, சிலந்தி வலையோடு சேர்த்து அதையும் தட்டிவிட்டாயிற்று. பெரிய தவறு. அது என்ன என்பது நான்காவது ஞாயிறுதான் தெரிந்தது.

டிப்பர் எப்படி வேலை செய்கிறது

இந்த யூனிட்டில் ஒரே பாபினில் இரண்டு காயில். உள்ளே தடித்த கம்பி, இழுப்பதற்கு. வெளியே மெல்லிய கம்பி, பிடித்து வைப்பதற்கு. இரண்டும் வரிசையாக இணைந்தவை, ஆனால் மெல்லிய காயிலைச் சின்ன காண்டாக்ட் ஒன்று குறுக்கிட்டு ஷார்ட் செய்கிறது. சுவிட்சை மிதித்ததும் கரண்ட் தடித்த காயில் வழியே மட்டும் பாய்ந்து பிளஞ்சரை, அதாவது நடுவில் ஓடும் இரும்புத் தண்டை, வேகமாக இழுக்கும். பிளஞ்சர் உள்ளே போய்ச் சேரும் கடைசி ஒன்றரை மில்லிமீட்டரில் அந்தக் காண்டாக்டைத் தள்ளித் திறக்கும். அப்போது மெல்லிய காயிலும் சேர்ந்துகொள்ள, கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இழுக்கத்தான் பலம் வேண்டும், பிளஞ்சர் உட்கார்ந்த பிறகு பிடித்து வைக்கக் கொஞ்சம் போதும்.

இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தால் காயில் எரியும் என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது. அதை அப்போதே யோசித்திருந்தால் இரண்டு ஞாயிறு மிச்சமாகியிருக்கும்.

முதல் காயில்: 26 கேஜ், தோல்வி

எரிந்த காயிலைப் பிரிக்கும்போது வெளிக்காயிலின் சுற்றுகளைக் கொஞ்சம் எண்ண முடிந்தது. உள்காயில் ஒரே கட்டியாகியிருந்தது. அதைச் சரியாக அளக்காமல் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்ததுதான் முதல் பிசகு. பம்ப் மோட்டார் கட்டிப் பழகிய கை, சுற்று அதிகமானால் பலம் அதிகம் என்று 26 கேஜ் கம்பியில் 406 சுற்று போட்டுக் கொடுத்தது. பார்க்க அழகாக இருந்தது.

பெஞ்சில் 6 வோல்ட் கொடுத்தால் பிளஞ்சர் துடித்தது, பாதி வரை வந்தது, உட்காரவில்லை. அளந்தால் 2.6 ஓம். வயரையும் சேர்த்தால் 2.2 ஆம்பியர்தான் ஓடும். 406 சுற்றை 2.2 ஆல் பெருக்கினால் சுமார் 890 ஆம்பியர்-சுற்று. இழுவிசை அந்த எண்ணின் வர்க்கத்தில் போகும். 6 வோல்ட் வண்டியில் மெல்லிய கம்பியும் அதிகச் சுற்றும் எதிரி. வோல்ட் குறைவு, ஆகவே தடித்த கம்பி, குறைந்த சுற்று, நிறைய கரண்ட். கம்பி 150, கூலி 400 ரூபாய் இங்கே போயிற்று.

ஒரு ஓமுக்குக் கீழே உள்ள ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்து அளக்காதீர்கள். மீட்டரின் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். காயிலோடு ஒரு 24 வாட் ஹெட்லைட் பல்பைச் சீரிஸில் போட்டு, ஓடும் ஆம்பியரையும் காயிலின் இரு முனைக்கு நடுவே உள்ள வோல்ட்டையும் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கட்டிய சரியான காயிலில் 3.1 ஆம்பியர், 1.61 வோல்ட். வகுத்தால் 0.52 ஓம்.

வோல்ட் எங்கே போகிறது

இரண்டாவது காயில் கட்டுவதற்கு முன் வண்டியின் வயரிங்கைப் பார்த்தோம். இது முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

சொலினாய்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு 24 வாட் பல்பைப் பேரலலாக மாட்டி, அதைப் போலி லோடாக வைத்துக்கொண்டோம். லோடு இல்லாமல் வோல்ட் அளந்தால் எல்லா இடத்திலும் 6 காட்டி ஏமாற்றும். பேட்டரி முனையில் 6.1. ஆம்பியர் மீட்டரின் முதுகில் 5.95. கால் சுவிட்சுக்குள் நுழையும் இடத்தில் 5.7, வெளியேறும் இடத்தில் 5.1. ஃபியூஸ் கிளிப்பில் 5.0. விளக்குக் கிண்ணத்துக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே மட்டும் 0.75 வோல்ட் இறங்கியது. கழித்தால் காயிலுக்கு மிஞ்சுவது 4.25.

12 வோல்ட் வண்டியில் 1.85 வோல்ட் போனால் வெளிச்சம் மங்கும், அவ்வளவுதான். 6 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கரண்டும் மூன்றில் ஒன்று குறைந்தால் இழுவிசை பாதிக்கு வந்துவிடும்.

கால் சுவிட்சைக் கழற்றி, அடித்தட்டின் மடிப்புகளை நிமிர்த்தித் திறந்தோம். உள்ளே பித்தளை பச்சை பிடித்திருந்தது. 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி லேசாகத் தடவி மூடியதும் அதில் இறங்கும் வோல்ட் 0.6லிருந்து 0.08 ஆனது. எர்த்தை விளக்குக் கிண்ணம், மட்கார்டு, பாடி என்று பெயிண்ட் பூசிய திருகுகளை நம்பி விட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டு, கிண்ணத்துக்குள்ளிருந்து சேஸிஸ் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுத்தோம், இரண்டு விளக்குக்கும். லக்கை கிரிம்ப் செய்து அதன் மேல் ஈயமும் வைத்தோம். இப்போது அதே லோடில் காயிலுக்கு ஐந்தரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது.

இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கிறது. சொலினாய்டுக்கும் இழை பல்புக்கும் அது பொருட்டல்ல. எல்இடி மாட்ட நினைப்பவர்களுக்குப் பொருட்டு, திருப்பி மாட்டினால் எரியாது. குனியும் ரிஃப்ளெக்டரில் எல்இடி வேண்டாம் என்பது என் கருத்து. அதன் கனத்தில் ஸ்பிரிங் தள்ளாடும், ஒளி புறப்படும் புள்ளியும் இழை இருக்கும் இடத்தில் அமையாது.

இரண்டாவது காயில்

பாபினின் குழாய் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர், சுற்றும் நீளம் 30, தட்டின் விட்டம் 31. இந்த இடத்துக்குள் இரண்டு காயிலும் அடங்க வேண்டும்.

இழுக்கும் காயில்: 22 கேஜ் எனாமல் கம்பி, ஒரு அடுக்குக்கு 38 சுற்று, 5 அடுக்கு, ஆக 190. கம்பி ஏறத்தாழ 12 மீட்டர், 0.52 ஓம்.

பிடிக்கும் காயில்: 28 கேஜ், 390 சுற்று, ஏறத்தாழ 33 மீட்டர், 5.1 ஓம்.

இரண்டுக்கும் நடுவே லெதராய்டு பேப்பர் ஒரு சுற்று. இரண்டு கம்பியும் 100 கிராம் வீதம் வாங்கினோம், 22 கேஜ் 140 ரூபாய், 28 கேஜ் 150. செலவானது ஆளுக்கு 45 கிராமுக்கு மேல் இல்லை.

சுற்றுவதற்குக் கை டிரில்லை வைஸில் படுக்கவைத்துப் பிடித்து, அதில் ஒரு நீள போல்ட்டில் பாபினை மாட்டினால் போதும். அடுக்கடுக்காகச் சுற்றுங்கள். 22 கேஜ் நெருக்கமாக உட்காராவிட்டால் ஐந்தாவது அடுக்கு மேடு பள்ளமாகி மெல்லிய கம்பிக்கு இடம் போதாது. சுற்றும் திசையைத் தட்டில் அம்புக்குறியாக வரைந்துகொள்ளுங்கள், இரண்டு காயிலும் ஒரே திசையில் போக வேண்டும். மாறிவிட்டால் ஒன்றை ஒன்று எதிர்க்கும். பிளஞ்சர் உள்ளே போகும், காண்டாக்ட் திறந்ததும் பிடி விட்டுப்போகும்.

முனைகளுக்கு ஸ்லீவ், ஏர் டிரை வார்னிஷில் ஒரு முக்கு, 100 வாட் குண்டு பல்பு போட்ட தகரப் பெட்டிக்குள் ஆறு மணி நேரம். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உள் அடுக்கு பிசுபிசுவென்றே இருக்கும்.

பெஞ்சில் 6 வோல்ட் கொடுத்ததும் 'டக்'. பிளஞ்சர் அடி வரை போய் உட்கார்ந்தது. ஆனால் ஆம்பியர் மீட்டர் முள் 9.7ல் ஏறியது ஏறியபடியே நின்றது. இறங்கி 1.1க்கு வந்திருக்க வேண்டும். மூன்று வினாடியில் வயரைப் பிடுங்கியதால் காயில் தப்பியது.

குப்பை என்று தட்டிவிட்ட துண்டு

காண்டாக்ட் திறக்கவில்லை. பிளஞ்சரின் முனையில் ஒரு ஃபைபர் துண்டு இருந்து, அதுதான் காண்டாக்டின் இலையைத் தள்ள வேண்டும். ரிவெட் தலை மட்டும் மிச்சம், துண்டைக் காணோம். விளக்கின் அடியில் கிடந்த கருப்புத் துண்டு அதுதான்.

எரிந்த வரிசை இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஃபைபர் உடைந்தது, காண்டாக்ட் திறக்காமல் ஃபியூஸ் போனது, ஃபியூஸுக்குப் பதில் செப்பு இழை வந்தது, காயில் எரிந்தது. ஃபைபர் உடைவதற்கு முன்போ பின்போ சுவிட்சின் அடியில் அந்த இரண்டு அங்குல வயரும் வந்து சேர்ந்திருக்கிறது. காயிலில் பிழை ஏதும் இல்லை. புதுக் காயில் மாட்டி இதைப் பார்க்காமல் மூடியிருந்தால் அதுவும் ஒரே ராத்திரியில் கரியாகியிருக்கும்.

1.6 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட்டில் (கரண்ட் கடத்தாத கெட்டித் தகடு) புதுத் துண்டு வெட்டினோம். பழைய அளவு கையில் இல்லாததால் நீளத்தைச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பிளஞ்சரின் மொத்த ஓட்டம் 9 மில்லிமீட்டர். முதலில் 8 மில்லிமீட்டர் நீளமாக வெட்டியதில் காண்டாக்ட் பாதி ஓட்டத்திலேயே திறந்துவிட்டது. பலம் குறைந்து பிளஞ்சர் பின்வாங்கியது, காண்டாக்ட் மூடியது, மறுபடி இழுத்தது, மறுபடி திறந்தது. காலிங் பெல் மாதிரி 'டர்ர்ர்' என்று ஒரே அதிர்வு. அரம் போட்டு அரை அரை மில்லிமீட்டராகக் குறைத்து வந்தோம். 5.5ல் அதிர்வு நின்றது, முள் 9.7 தொட்டு உடனே 1.1க்கு இறங்கியது. 5ல் வைத்தால் சில தடவை திறக்கிறது, சில தடவை இல்லை. ஆகவே 5.5. இந்த எண் இந்த இலைக்கு மட்டும்தான். பொதுவாகப் பார்க்க வேண்டியது, கடைசி ஒன்றரை மில்லிமீட்டரில் திறக்கிறதா என்பதை.

காண்டாக்டின் வெள்ளி முனைகள் குழி விழுந்திருந்தன. நான்கு பின் ரிலே ஒன்றை 90 ரூபாய்க்கு வாங்கி உடைத்து, அதன் முனைகளை எடுத்து ரிவெட் அடித்தோம். பெஞ்சில் 200 தடவை அடித்துப் பார்த்ததில் முனைகளில் லேசான கருப்புப் பொட்டு, அவ்வளவுதான். அரை மணி நேரம் பிடித்த நிலையில் வைத்ததும் காயிலின் உறை 62 டிகிரி. கை வைத்தால் சுடும், வார்னிஷுக்கு ஒன்றும் ஆகாது.

குனிந்தது நிமிரவில்லை

வண்டியில் மாட்டிய பிறகு இரண்டு சில்லறைத் தொல்லைகள். இரண்டும் நாமே வரவழைத்தவை.

ரிஃப்ளெக்டர் தொங்கும் இரண்டு பக்க முளைகளும் துருப்பிடித்து இறுக்கமாக இருந்ததால், ஆரம்பத்திலேயே மெஷின் ஆயில் விட்டிருந்தோம். விளக்கு பத்து நிமிடம் எரிந்ததும் ஆயில் சூட்டில் ஆவியாகி ரிஃப்ளெக்டரின் முகத்தில் மங்கலாகப் படிந்தது. இந்த ரிஃப்ளெக்டர்கள் வெள்ளி முலாம் பூசியவை, மேலே நிறமில்லாத மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. மெட்டல் பாலிஷ் பட்டால் பூச்சும் போகும், வெள்ளியும் போகும். மென்மையான பழைய வேட்டித் துணியால் அழுத்தாமல் நாலைந்து தடவை ஒற்றி எடுத்ததில் படிவு பெரும்பாலும் போயிற்று. முளைகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, 4பி பென்சிலின் கரியைத் தூளாக்கித் தேய்த்தோம். அது ஆவியாகாது.

அடுத்தது, பல்புக்குப் போகும் வயர். ரிஃப்ளெக்டரோடு சேர்ந்து அதுவும் ஒவ்வொரு டிம்முக்கும் வளைய வேண்டும். தடித்த பிவிசி வயரை இறுக்கமாகப் போட்டுவிட்டோம். அது நிமிர விடாமல் தாங்கிக்கொண்டதால் பிரைட்டிலும் இடது ஒளி மூன்றில் ஒரு பங்கு குனிந்தே நின்றது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிங்கில் கை வைக்கப் போனோம். வயரைக் கழற்றிப் பார்த்தபோது தானாக நிமிர்ந்தது. நுண்ணிய இழைகள் கொண்ட சிலிகான் வயர் 20 சென்டிமீட்டர், ஒரு வளையம் தளர்வாக விட்டு மாட்டியதும் தீர்ந்தது.

ஃபியூஸ்

இந்த ஃபியூஸின் வேலை கொஞ்சம் விசித்திரம். கண் சிமிட்டும் நேரம் 9.7 ஆம்பியரைத் தாங்க வேண்டும், அதுவே நீடித்தால் போக வேண்டும், சாதாரணமாக ஓடுவதோ 1.1. சாதா கண்ணாடி ஃபியூஸ்களைப் பெஞ்சில் சோதித்தோம். 3.15 ஆம்பியர் எட்டாவது டிம்மில் போயிற்று. 5 ஆம்பியர், பிளஞ்சரை ஆப்பு வைத்து உட்காரவிடாமல் பிடித்தபோது அரை நிமிடம் கடந்தும் போகவில்லை, காயில் சுட ஆரம்பித்ததும் நாமே நிறுத்தினோம். 4 ஆம்பியர் ஆறு வினாடியில் போயிற்று, 200 டிம் தாங்கியது. அதையே போட்டோம், உதிரி நான்கை டேஷ்போர்டு பெட்டியில் வைத்தாயிற்று. ஸ்லோ-ப்ளோ (தாமதமாகப் போகும் வகை) இங்கே வேண்டாம்.

ஓட்டும்போது ஆம்பியர் மீட்டரே காவலாள். எஞ்சினை நிறுத்தி வைத்து ஹெட்லைட் போட்டால் முள் சுமார் 8 காட்டும். டிம் மிதித்ததும் ஒரு துள்ளு துள்ளி 5 பக்கம் வந்து நிற்க வேண்டும். 13ஐத் தாண்டி அங்கேயே நின்றால் காண்டாக்ட் திறக்கவில்லை, உடனே பிரைட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சுவரில் அளவு

சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டி. விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, பிரைட்டில் இரண்டு ஒளியும் அந்தக் கோட்டிலேயே, ஒன்றுக்கொன்று இணையாக விழும்படி முதலில் இறுக்கினோம். டிம்முக்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, பிரைட் சரியானால் அது தானாக வரும். இடது ஒளி 40 சென்டிமீட்டர் இறங்கி, 25 சென்டிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கியது. பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் மூக்கு தூக்கும், ஆகவே ஆட்களை உட்காரவைத்தே அளவு எடுத்தோம்.

செலவு

வீணான கம்பி 150, கூலி 400. இரண்டு கேஜ் கம்பி 290. வார்னிஷ், பேப்பர், ஸ்லீவ் 180. ரிலே 90. ஹைலம் துண்டு 40. வயரும் லக்கும் 320. ஃபியூஸ் 60. கண்ணாடிக்கு கார்க் கேஸ்கெட் 80. மொத்தம் 1,610.

அடுத்த வண்டியில் வரிசையை மாற்றுவேன். முதலில் போலி லோடு போட்டு வோல்ட் அளப்பது. இரண்டாவது, காண்டாக்ட் திறக்கிறதா என்று பிளஞ்சரைக் கையால் தள்ளிப் பார்ப்பது, கரண்டே தேவையில்லை. காயிலைத் தொடுவது மூன்றாவதுதான். விளக்குக்குள் கிடக்கும் எதையும், துரு உட்பட, ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். காயிலையும் கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே கட்டுவேன்.

ராத்திரி ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. டிம்மில் இந்த வண்டிக்கு இடப்பக்கம் ஒற்றை விளக்குதான். எதிரே வருபவர் கண்ணுக்கு அது ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள். வண்டியின் வலது ஓரம் எங்கே முடிகிறது என்பதை மட்கார்டு மேல் இருக்கும் சைடு லைட் ஒன்றுதான் காட்டும். அது எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டியே தீர வேண்டும் என்பவர்கள் இரண்டு விளக்கிலும் இரட்டை இழை பல்பு ஹோல்டர் மாட்டி, சொலினாய்டு வயரைக் கழற்றி டேப் சுற்றி விட்டுவிடலாம். எதையும் வெட்ட வேண்டாம், திரும்ப மாட்ட பத்து நிமிடம். அப்படி மாட்டும்போது கால் சுவிட்சுக்கு வரும் வயரில் இரண்டு பல்பின் பாரமும் சேரும், 6 வோல்ட்டில் 8 ஆம்பியர். உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்யாத சுவிட்ச் அதைத் தாங்காது.